மியான்மரில் நிலம் நடுங்க, இரணியலில் கோடு ஆடியது

2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை, பகல் 11:56-க்குக் கொஞ்சம் முன்னால் திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு லேசாகச் சிலிர்த்தது. 12 மணிக்குப் பெரிதாக ஆடியது. 12:02 தாண்டியதும் மேலேயும் கீழேயும் முட்டி, தலை தட்டையாக வெட்டுப்பட்டு நின்றது. மியான்மரில் 7.7 அளவு நிலநடுக்கம். மையம் மண்டலை நகரத்துக்குப் பக்கத்தில், இங்கிருந்து ஏறக்குறைய 2,500 கி.மீ. தூரம். கன்னியாகுமரி மாவட்டத்து இரணியலுக்கு வடக்கே எங்கள் விளையில் (தோட்டத்தில்), நானே செய்து பாறைமேல் நிறுத்திவைத்த நிலநடுக்கப் பதிவுக் கருவி, முதலில் வரும் பி அலை, அடுத்து வரும் எஸ் அலை, கடைசியில் வரும் மேற்பரப்பு அலை மூன்றையும் தனித்தனியாகக் காட்டியது அன்றைக்குத்தான்.

எனக்குத் தொழில் மோட்டார் வைண்டிங். பம்புசெட், ஃபேன், மிக்ஸி எல்லாம் வரும். அதனால் சுருள் சுற்றுவது ஒரு விஷயமே இல்லை. இரும்பும் மரமும் மண்ணும்தான் பாடாய்ப் படுத்தின. இந்தக் கருவியைச் செய்துபார்க்க நினைக்கிறவர்களுக்கு உபயோகப்படும் என்று எது நின்றது, எது உதவாமல் போனது, எவ்வளவு செலவு என்று வரிசையாக எழுதிவைக்கிறேன்.

ஊசல்

தூரத்து நிலநடுக்கத்தின் பெரிய அலைகள் ஒருமுறை ஆடி முடிக்க 15, 20 நொடி எடுத்துக்கொள்ளும். அதைப் பிடிக்கும் ஊசலும் அவ்வளவு மெதுவாக ஆடவேண்டும். கயிற்றில் குண்டு கட்டித் தொங்கவிட்டு 15 நொடி வரவழைக்கக் கயிறு 56 மீட்டர் வேண்டும். கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்தே 133 அடி, அதாவது 40 மீட்டர் சொச்சம்தான். அதன் உச்சியில் கட்டினாலும் போதாது.

இதற்கு நூறு வருஷத்துக்கு மேலான குறுக்கு வழி ஒன்று இருக்கிறது: கிடை ஊசல். தூண் கொஞ்சம் சாய்ந்துவிட்ட கேட்டைத் திறந்துவிட்டால் அது தானாகவே ஒரு பக்கம் போய் நிற்கும் இல்லையா, அதே சங்கதிதான். தூணின் சாய்வு குறையக் குறைய கேட் மெதுவாக ஆடும். முக்கால் டிகிரிக்கும் குறைவான சாய்வில் 70 செ.மீ. நீளக் கை 15 நொடி ஊசலாகிவிடுகிறது. ஜப்பானில் பேராசிரியராக இருந்த ஜான் மில்ன் வடிவமைத்த கருவியும் இந்த வகைதான். கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அப்படி ஒன்று ஓடியிருக்கிறது. அதில் ஒளிக்கீற்று புகைப்படத் தாளில் கோடு போட்டது. என்னுடையதில் சுருளும் காந்தமும் அந்த வேலையைப் பார்க்கின்றன.

கை அலுமினியக் குழாய். ஒரு முனை தூணின் அடியில் குத்தி நிற்கிறது. மறுமுனையில் எடை. எடைக்கு மேலிருந்து தூணின் உச்சிக்கு ஒரு கம்பி. பைக் பிரேக் கேபிளைப் பிரித்து எடுத்த ஒற்றை இழையைப் போட்டேன். முதலில் முறுக்குக் கேபிளை அப்படியே போட்டிருந்தேன், அது தானே முறுக்கிக்கொண்டு கையை ஒரு பக்கம் தள்ளியது.

குத்தும் முனைக்கு போல்ட்டைக் கூராக்கித் தரும்படி லேத்துப் பட்டறையில் கேட்டேன். "அண்ணே, கேட்டுக்கு இம்புட்டு நைசா முனை என்னத்துக்காக்கும்?" என்று சிரித்துக்கொண்டேதான் செய்து கொடுத்தான். ஆனால் 5 கிலோ பாரம் இழுக்கும்போது கூர்முனை கொஞ்ச நாளில் மழுங்கி, இரும்புத் தகட்டிலும் குழி விழுந்துவிடுகிறது. இப்போது இருப்பது பழைய பேரிங்கிலிருந்து எடுத்த 6 மி.மீ. குண்டு, எதிரே தேய்த்து மெருகேற்றிய டிரில் பிட்டின் அடிப்பகுதி. குழி விழவில்லை. உராய்வும் குறைந்தது.

எடைக்கு முதலில் மளிகைக்கடைப் பழைய 5 கிலோ இரும்பு எடைக்கல். ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடையில்) கிலோ விலைக்குக் கிடைத்தது. காந்தத்தைப் பக்கத்தில் வைத்ததும் ஊசல் அங்கேயே ஒட்டிக்கொண்டது. இரும்பு ஆகாது, ஈயம்தான் வேண்டும். குளச்சலில் வலைச்சாமான் விற்கும் கடைக்குப் போய் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு 5 கிலோ கேட்டேன். கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"கடலுக்குப் போற ஆளு மாதிரி இல்லியே. எதுக்கு?"

சொன்னேன். அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இந்தக் கரையில் யாரிடம் சொன்னாலும் அதுதான் வரும்.

"அப்ப டிசம்பர் 26 மாதிரி ஒண்ணு வந்தா முன்னாடியே சொல்லிருமா?"

சொல்லாது. 2004-இல் சுமத்ரா பக்கம் நிலம் உடைந்தது நம் நேரத்துக்குக் காலை 6:29-க்கு. 9.1 அளவு, உடைப்பு அந்தமான் வரைக்கும் ஏறக்குறைய 1,300 கி.மீ. ஓடியது. இப்படி ஒரு ஊசல் அன்றைக்கு இங்கே இருந்திருந்தால் ஐந்து நிமிஷத்துக்குள் ஆடியிருக்கும். குளச்சலையும் மணக்குடியையும் கடல் அடித்தது அதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கழித்து. ஆனால் ஊசல் ஆடினால் கடல் வரும் என்றும் இல்லை. 2012 ஏப்ரல் 11-ஆம் தேதி அதே கடலில் 8.6 வந்தது, பாறைகள் பக்கவாட்டில் நழுவியதால் கடல்தளம் மேலே எழும்பித் தண்ணீரைத் தூக்கவில்லை, பெரிய அலை வரவில்லை. ஒற்றை ஊசலைப் பார்த்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குக் கடலில் மிதவைகளும் கணக்குப் போட ஆட்களும் வேண்டும். 2007 முதல் ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனம் அந்த வேலையைச் செய்கிறது. "எச்சரிக்கை அங்கேருந்துதான் வரும், என் பெட்டியிலேருந்து வராது" என்றேன். அவர் ஈயத்தை நிறுத்துக் கொடுத்தார். நான்கு அங்குல பிவிசி மூடிக்குள் அடைத்து, எபாக்ஸி ஊற்றி எடையாக்கினேன்.

சுருளும் தணிப்பும்

சுருள் 42 கேஜ் எனாமல் கம்பி, 4,000 சுற்று. மீட்டரில் 850 ஓம் காட்டியது. கையின் நுனியில் சுருள். காந்தம் கீழே சட்டத்தில். நிலம் அசையும்போது காந்தம் நிலத்தோடு போகும், எடை அப்படியே நிற்கப் பார்க்கும், சுருளில் சில நூறு மைக்ரோவோல்ட் பிறக்கும். ஓபி07 ஐசியில் அதை 100 மடங்கு பெருக்கி, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ் 1115 என்ற 16 பிட் பலகை வழியாக, ராஸ்பெரி பை என்ற பழைய சின்னக் கணினி ஒன்றுக்குக் கொடுத்தேன்.

தணிப்பு இல்லாத ஊசல் ஒருதடவை தட்டினால் அரைமணி நேரம் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். எது நிலநடுக்கம், எது பழைய ஆட்டம் என்று தெரியாது. அதனால் கையில் ஒரு தகடு கட்டி எண்ணெயில் முக்கிவைப்பார்கள். நம் ஊரில் எண்ணெய்க்கா பஞ்சம், தேங்காய் எண்ணெய் ஊற்றினேன். இரண்டு தொந்தரவு. ஒன்று எறும்பு. இன்னொன்று, மார்கழி விடியற்காலையில் எண்ணெய் இறுகத் தொடங்கும், உறையாவிட்டாலும் குழைந்துபோகும். காலை 5 மணிக்குப் பதிவான ஆட்டமும் பகல் 2 மணி ஆட்டமும் ஒரே அளவுகோலில் வரவில்லை.

எண்ணெயை எடுத்துவிட்டு 3 மி.மீ. செம்புத் தகடு வைத்தேன். இரண்டு பக்கமும் நியோடிமியம் காந்தம் நாலு நாலு, பின்னால் இரும்புப் பட்டை. தகடு அசைந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறந்து அதுவே பிரேக் பிடிக்கும். காந்தங்களுக்கு இடையே 9 மி.மீ. இடைவெளி வைத்தபோது சரியாக அமைந்தது. கையை மெல்ல ஊதித் தள்ளினால் திரும்பி வந்து, பூஜ்யத்தை ஒரு மயிரிழை தாண்டி, அங்கேயே அடங்கவேண்டும். அதுதான் சோதனை.

வைத்த இடங்கள்

இந்த வேலையில் முக்கால்வாசியும் இதிலேதான் போயிற்று.

முதல் சட்டம் ஆசாரி செய்துகொடுத்த தேக்குச் சட்டம், 1,800 ரூபாய். பார்க்க லட்சணமாக இருக்கும். மாடி அறையில் வைத்தேன். மழை பெய்த அன்றைக்கு மரம் ஈரம் குடித்து, கை மெதுவாக நகர்ந்து ஒரு பக்கம் முட்டி நின்றது. வெயில் வந்ததும் திரும்பி வந்தது. போதாததற்குக் காற்றடித்தால் வீட்டின் மேல்தளமே அசைகிறது. உட்காருகிற நமக்குத் தெரியாது, ஊசலுக்குத் தெரியும்.

சட்டத்தை ஒன்றரை அங்குல ஆங்கிளில் வெல்டிங் வைத்து மாற்றிக் கீழே கொண்டுவந்தேன். வீட்டின் பின்கட்டு பிற்பாடு எடுத்தது. அங்கே முன்பு வயல். நாலு அடிக்கு மண் நிரத்தி மேலே கட்டினது. தரை பார்க்க உறுதியாக இருக்கிறது, டைல்ஸ் ஒன்றுகூட விரியவில்லை. அதில் கருவியை வைத்து 10 நொடிக்கு மேல் அலைவு நேரத்தை, அதாவது ஒருமுறை ஆடி முடிக்கும் நேரத்தை, ஏற்றவே முடியவில்லை. ஏன் என்று பார்க்க ஒரு காரியம் செய்தேன். சட்டத்தின் பின்னால் இரண்டு போல்ட், நடுவே 40 செ.மீ. தூரம். 15 நொடியில் வைத்துவிட்டு, ஒரு போல்ட்டுக்கு அடியில் ஒரே ஒரு ஏ4 தாளை நுழைத்தேன். தாளின் கனம் 0.1 மி.மீ. கையின் நுனி ஒன்றரை செ.மீ. நகர்ந்தது. நான் அறைக்குள் நடந்தால் தரை சாய்வது, காலை வெயில் கிழக்குச் சுவரைச் சூடாக்கினால் சாய்வது, எல்லாம் இந்தக் கணக்கில் வந்துவிடும். மாலையில் மையத்தில் வைத்தால் காலையில் ஓரத்தில் கிடக்கும்.

2025 ஜனவரி 7 காலை 6:35-க்குத் திபெத்தில் 7.1 வந்தபோது கருவி இங்கேதான் இருந்தது. தூரம் அதுவும் 2,500 கி.மீ. பக்கம்தான். பதிவில் கிடைத்தது, சரிந்துகொண்டே போகும் கோட்டின்மேல் கொழகொழவென்று ஒரு வீக்கம். பி எங்கே, எஸ் எங்கே, ஒன்றும் பிரிக்க வரவில்லை. மியான்மர் நடுக்கம் அளவில் 0.6 கூடுதல் என்பதால் அலை நாலு மடங்கு உயரம். அதையும் கழித்துத்தான் ஒப்பிடவேண்டும். ஆனாலும் கோடு சரிந்துகொண்டிருந்ததற்குக் காரணம் திபெத் இல்லை, என் பின்கட்டுத் தரை.

விளையின் மேற்கு ஓரத்தில் பூமியைப் பிய்த்துக்கொண்டு ஒரு பாறை நிற்கிறது. நம் மாவட்டத்து நீலச்சாயல் கருங்கல். புவியியல்காரர்கள் சார்னோகைட் என்பார்கள். மேலே மண், பாசி, ஒரு கள்ளிமூடு. கல் கொத்துகிற ஒருவரைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்து, மூன்று இடத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு நிலமட்டமாகக் கொத்தச் சொன்னேன். அவர் ஒரு நல்ல சிமெண்ட் திண்டு கட்டித் தருகிறேன் என்று நின்றார். சிமெண்ட் காயக்காய மாதக்கணக்கில் சுருங்கும், அது வேண்டாம் என்று சொல்லிப் புரியவைக்கத் தேநீர் இரண்டு சுற்று ஆயிற்று. மூன்று குழியிலும் துருப்பிடிக்காத இரும்புத் தகடு, அடியில் எபாக்ஸி. போல்ட்டுகள் அதன்மேல் நிற்கின்றன. பக்கத்தில் நின்ற இரண்டு தென்னைமரத்தையும் எடுக்க மனசு வரவில்லை. ஆடிக்காற்றில் அவற்றின் வேர் அசைவது இன்னமும் பதிவில் வருகிறது.

கருவிக்கு மேல் பிளைவுட் பெட்டி, உள்ளே இரண்டு அங்குலத் தெர்மோகோல், மூலைகளில் டேப். பெட்டிக்குள் காற்று சுற்றினால்கூடக் கை நகரும். அதற்கும் மேலே தகர ஷெட். கை 15 நொடியில் நின்றது, 18-லும் நின்றது. 20-க்கு ஏற்றினால் கொஞ்சம் முரண்டு பிடித்ததால் 16-இல் விட்டுவிட்டேன்.

இடையில் ஒருதடவை கோடு செத்துக் கிடந்தது. ஒயரைப் பார்த்தேன், ஐசியை மாற்றினேன், ஒன்றும் இல்லை. கடைசியில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால், சுருளின் விளிம்பிலிருந்து பெட்டிச் சுவருக்கு ஒரே ஒரு சிலந்தி இழை. 5 கிலோ ஊசலை அது பிடித்து நிறுத்தியிருந்தது. ஈர்க்குச்சியால் எடுத்ததும் கோடு உயிர்பெற்றது. இப்போது பெட்டியின் விளிம்பைச் சுற்றிக் கிரீஸ்.

செங்கல் ஓட்டம்

கடைக்கு வரும் பையன்கள், "நிலம் ஏன் மாமா திடீர்னு ஆடுது, மெதுவா ஆடக்கூடாதா?" என்று கேட்டதற்குச் செய்தது இது. நல்ல கேள்விதான்.

பலகைமேல் 80 எண் உப்புத்தாள் ஒட்டி, 3 கிலோ செங்கலின் அடியிலும் அதையே ஒட்டினேன். செங்கலில் சைக்கிள் டியூப் பட்டை, அதன் நுனியில் நைலான் கயிறு, கயிற்றை இழுக்க மைக்ரோவேவ் அடுப்பின் தட்டு சுற்றும் சின்ன மோட்டார். மோட்டார் நொடிக்கு இரண்டரை மி.மீ. வீதம் ஒரே சீராக இழுக்கிறது. செங்கல் சீராக நகர்வதில்லை. டியூப் நீள்கிறது, நீள்கிறது, இழுப்பு இரண்டரை கிலோ வரை ஏறுகிறது, பிறகு சடக்கென்று செங்கல் பாய்கிறது. ஒருதடவை 2 செ.மீ., அடுத்து 6, அடுத்து 3. இடைவெளியும் அப்படியே ஒழுங்கில்லாமல்.

நிலத்துக்கு அடியிலும் நடப்பது இதுதான். இந்தியத் தட்டு ஆண்டுக்கு 5 செ.மீ. பக்கம் வடகிழக்காகப் போய்க்கொண்டிருக்கிறது, நிற்பதில்லை. ஆனால் தட்டுகளின் விளிம்பில் பாறை பாறையோடு பிடித்துக்கொண்டு நகராமல் கிடக்கும். சுற்றியுள்ள நிலம் கிலோமீட்டர் கணக்கில் வளைந்து அந்த இழுப்பைத் தேக்கும். பிடி விட்டதும் வளைந்தது நிமிரும். 1906 சான் பிரான்சிஸ்கோ நடுக்கத்துக்குப் பிறகு வேலிகளும் சாலைகளும் பிளவின் குறுக்கே விலகிக் கிடந்ததை வைத்துத்தான் ஹாரி ரீட் என்பவர் இதைச் சொன்னார். ஓர் இடத்தில் சாலை 6 மீட்டர் அளவுக்கு விலகிக் கிடந்ததாம். மியான்மரில் சகாயிங் பிளவின் இரண்டு பக்கமும் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 செ.மீ. எதிரெதிராக நகரப் பார்க்கும். மார்ச் 28-ஆம் தேதி 450 கி.மீ.க்கு மேல் நீளத்துக்கு அந்தப் பிடி ஒரேயடியாக விட்டது. உடைப்பு தொடங்கிய இடம் 10 கி.மீ. ஆழம், மேல்பரப்புக்கு அவ்வளவு பக்கம்.

அடுத்த பாய்ச்சல் எப்போது என்று பையன்களைப் பந்தயம் கட்டச் சொன்னேன். ஒருத்தனும் ஜெயிக்கவில்லை. மோட்டாரின் வேகம் தெரியும், செங்கலின் எடை தெரியும், உப்புத்தாளின் எண்ணும் தெரியும், அப்படியும். வாட்ஸ்அப்பில் தேதி குறித்து நிலநடுக்கம் அனுப்புகிறவர்களை அந்த மேசைக்கு முன்னால் உட்காரவைக்கவேண்டும்.

பதிவைப் படித்தது

மியான்மர் பதிவுக்குத் திரும்புகிறேன். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ் கொடுத்த நேரப்படி உடைப்பு தொடங்கியது நம் நேரம் 11:50:52. என் கோட்டில் முதல் சிலிர்ப்பு 11:55:55 பக்கம். ஐந்து நிமிஷ ஓட்டம். அது பி அலை. பாறையை அமுக்கி விரித்துக்கொண்டு வரும். இவ்வளவு தூரத்திலிருந்து வரும்போது அது பூமிக்குள் சில நூறு கி.மீ. ஆழத்துக்கு இறங்கி, வளைந்து, கிட்டத்தட்ட கீழேயிருந்து மேலாக வந்து முட்டும். பக்கவாட்டு ஆட்டத்தை மட்டும் பிடிக்கும் என் ஊசலில் அதனால்தான் அது சின்னது. 12 மணிக்கு வந்த பெரிய ஆட்டம் எஸ் அலை; குறுக்காக உலுக்குவது, ஊசலுக்குப் பிடித்த அலை. இரண்டுக்கும் நடுவே 4 நிமிஷம் சொச்சம்.

பக்கத்து நடுக்கங்களுக்கு இந்த இடைவெளியை நொடியாக்கி 8-ஆல் பெருக்கினால் கி.மீ.யில் தூரம் வரும் என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. அதைப் போட்டால் 1,950 கி.மீ.தான் வருகிறது, 500-க்கு மேல் குறைவு. வாய்ப்பாடு மேலோட்டுப் பாறைக்கானது. ஆழத்தில் பாறை இறுகி, இரண்டு அலையுமே வேகம் கூடிவிடும். பயண நேர அட்டவணையில் தேடினால் 22 டிகிரி சொச்சம் வந்தது (பூமியின் சுற்றளவை 360 டிகிரியாகப் பிரித்த கணக்கு). ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. இப்போது கணக்கு நேராயிற்று.

12:02-க்கு மேல் வந்தவை மேற்பரப்பு அலைகள். நிலத்தின் மேல்தோலில் உருண்டு வருபவை, மெதுவானவை, ஆனால் உயரமானவை. 20 நொடி அலைக்கான சூத்திரத்தில் 7.7-ஐயும் தூரத்தையும் போட்டுப் பார்த்தேன்: நம் காலடி நிலம் ஏறக்குறைய 3 மி.மீ. போய்வந்திருக்கவேண்டும். அந்த நேரத்தில் மதியச் சாப்பாட்டுக்குக் கடை அடைத்துக்கொண்டிருந்த ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை; 20 நொடியில் 3 மி.மீ. என்பதை உடம்பு உணராது. 100 மடங்கு பெருக்கிய என் பலகைக்கு அது தாங்கவில்லை, அதனால்தான் அலையின் தலை வெட்டுப்பட்டது. பின்னாலேயே வந்த 6.7 அளவு அதிர்வும் அந்த அமளியில் மறைந்துபோயிற்று.

உடனே செய்த திருத்தம்: சுருளிலிருந்து இரண்டாவது கிளை எடுத்து, 4 மடங்கு மட்டும் பெருக்கி, ஏடிஎஸ் பலகையின் இன்னொரு வழியில் கொடுத்தது. செலவு 120 ரூபாய். ஜூலை 30 அதிகாலை 4:55-க்குக் கம்சட்காவில் 8.8 வந்தபோது இது கைகொடுத்தது. 8,800 கி.மீ.; பி 5:07-க்கு, எஸ் 5:17-க்கு, மேற்பரப்பு அலைகள் ஐந்தரைக்குப் பிறகு வந்து, வெட்டுப்படாமல், மணிக்கணக்கில் ஓடின.

மற்ற ஆட்டங்கள்

நிலநடுக்கம் இல்லாத நாளிலும் கோடு சும்மா இருப்பதில்லை. 5 முதல் 8 நொடி அலைவில் ஓயாத ஒரு சிற்றலை இருக்கும். முதலில் கருவிக் கோளாறு என்று ஒயரையெல்லாம் மாற்றினேன். அது கடல். எதிரெதிரே வரும் கடலலைகள் மோதும்போது அடித்தளத்தை அமுக்கும். அந்த அமுக்கம் கடலலையின் பாதி அலைவு நேரத்தில் நிலத்துக்குள் இறங்கும். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் கோடு தடித்துவிடும். கள்ளக்கடல் (இங்கே காற்றில்லாமலே திடீரென்று பொங்கும் கடல்) எச்சரிக்கை வந்த நாட்களில் சிற்றலை நீண்டு 8, 9 நொடிக்குப் போனது. தெற்கே எங்கேயோ கிளம்பிய நீண்ட அலைகள் கரைக்கு வருவதைப் பெட்டி காட்டிக்கொண்டிருந்தது.

குவாரி வெடியைப் பிடிக்க ஊசல் உதவாது, அது வேகமான அதிர்வு. அதற்கு வேகமான நில அதிர்வைப் பிடிக்கும் சின்ன உணரியான 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோன் ஒன்றை அதே பாறையில் ஒட்டியிருக்கிறேன். ஒரு வெடியில் பி-க்கும் எஸ்-க்கும் நடுவே 1.1 நொடி, எட்டால் பெருக்கினால் 9 கி.மீ. முதல் அதிர்வுக்கு 25 நொடி சொச்சம் கழித்து வெடிச்சத்தம் காற்றில் வந்து ஷெட் தகரத்தை உலுக்கியதும் பதிவாயிற்று. ஒலியின் வேகத்தில் கணக்கிட்டாலும் அதே 9 கி.மீ. கடிகாரமும் சரி, வாய்ப்பாடும் சரி என்று அன்றைக்கு நம்பிக்கை வந்தது.

அதே ஜியோஃபோனை வைத்து இன்னொன்றும் பார்த்தேன். 10 கிலோ மணல்மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து, 15 மீட்டர் தள்ளிப் போட்டேன். பாறையில் சின்ன ஒரு குத்து, கால் நொடியில் அடங்கியது. பின்கட்டின் நிரத்திய மண்ணில் அதே மூட்டை, அதே தூரம்: உயரம் நாலு மடங்கு, அடங்க ஏறக்குறைய ஒரு நொடி. மணல்மூட்டையும் நிலநடுக்கமும் ஒன்றாகிவிடாது. ஆனால் மியான்மர் அலை பாங்காக்கில் செய்தது இந்த வகைதான். பிளவிலிருந்து 1,000 கி.மீ. தள்ளியிருக்கிற ஊர், அடியில் மெத்தென்ற களிமண், மெதுவான அலைகளை அது பெருக்கியது, கட்டிக்கொண்டிருந்த முப்பது மாடிக்கு மேற்பட்ட அரசுக் கட்டடம் ஒன்று அப்படியே உட்கார்ந்துவிட்டது. நம் பக்கம் குளத்தையும் வயலையும் நிரத்தி இரண்டு மாடி எடுக்கிறவர்கள் இரும்புக்கம்பியின் விலையைக் கேட்கிறார்கள். அடியில் என்ன மண் என்று கேட்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. தென்னிந்தியா அசையாது என்பதும் சும்மா பேச்சு. 1900-இல் கோவையில் 6-ஐ ஒட்டி ஒன்று வந்திருக்கிறது. 2000 டிசம்பரில் கேரளத்து ஈராற்றுப்பேட்டையில் 5.0.

செலவும் அடுத்ததும்

உதவாமல் போனதைக் கழித்து, நிற்கிற கருவிக்கு ஆன செலவு பத்தாயிரத்துக்குப் பக்கம். ஈயம் 1,250. ஆங்கிளும் வெல்டிங்கும் 1,400. காந்தம் 1,200, இதில் மிச்சம் பிடிக்காதீர்கள், ஹார்ட் டிஸ்க் காந்தம் சின்னதாகிவிடுகிறது. செம்புத் தகடு ஆக்கர் கடையில் 200. சுருள் கம்பி வெளியே வாங்கினால் 500 இருக்கும். பழைய ராஸ்பெரி பை 2,500, ஐசியும் பலகைகளும் பெட்டியும் 700, கரண்டு போனாலும் நேரம் தவறாதிருக்க டிஎஸ்3231 கடிகாரப் பலகை 150. கல் கொத்துக்கூலியும் எபாக்ஸியும் 1,100, மேல்பெட்டி 900. ஜியோஃபோன் தனி.

மறுபடி செய்தால் மாற்றுவது: பக்கச் சாய்வுக்கு இருக்கும் போல்ட்டில் மரை இடைவெளி ஒன்றரை மி.மீ., கால் சுற்றுத் திருப்பினாலே கை ஓரத்துக்குப் போய்விடுகிறது, ஒரு மி.மீ. நுண்மரை போட்டு, நீளமான கைப்பிடி வைப்பேன். மரத்தைத் தொடவே மாட்டேன். சுருளிலிருந்து வரும் ஒயரை ஷெட்டின் மின்சார லைனுக்குப் பக்கத்தில் கொண்டுபோகமாட்டேன். 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வடிகட்டவே ஒரு பலகை தேவைப்பட்டது. கை வடக்கு தெற்காக நிற்பதால் கிழக்கு மேற்கு ஆட்டம் மட்டும் கிடைக்கிறது, சுமத்ரா கிழக்கே இருப்பதால் அப்படி வைத்தேன். குறுக்காக இரண்டாவது ஊசலுக்குப் பாறையில் இன்னும் மூன்று குழி கொத்த இடம் இருக்கிறது. ஈயம் வாங்கிவிட்டேன். கல் கொத்துகிறவர் ஓணம் கழிந்து வருகிறேன் என்றிருக்கிறார்.